காப்பீடு ஆளோடு வரட்டும்

(மதுரையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வீட்டிலிருந்தே வேலை பார்ப்பது கொரோனாவோடு வந்த பழக்கம் என்று பலரும் பேசுகிறார்கள். மதுரையில் இருந்துகொண்டு நாம் அப்படிப் பேச முடியாது. சுங்குடிச் சேலை இந்த ஊர்ச் சௌராஷ்டிரக் குடும்பங்களின் வீட்டுக் கூடத்தில் பிறந்தது. துணியை நகத்தால் கிள்ளி, நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, காய்ந்த பிறகு அவிழ்த்தால் ஒரு புள்ளி. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. போட்டவர்கள் பெரும்பாலும் பெண்கள். உலை கொதிக்கிற நேரத்திலும் பிள்ளை கண்ணயர்ந்த நேரத்திலும் போட்டார்கள். துணியைக் கொடுத்தவர் வியாபாரி; கூலி சேலைக் கணக்கு. விரல் மரத்தாலும் கண் மங்கினாலும் அது அந்தப் பெண் பாடு. 2005-இல் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே மகிழ்ந்தது, நானும் மகிழ்ந்தேன். ஆனால் அந்தக் குறியீடு சேலையின் பெயரைக் காப்பாற்றும். முடிச்சுப் போடுகிற விரலைக் காப்பாற்றாது.

சுங்குடியைவிடப் பெரும் எண்ணிக்கையில் வீட்டில் உட்கார்ந்து உழைத்தவர்கள் பீடி சுற்றிய பெண்கள். முக்கூடல், கடையம், தென்காசிப் பக்கம் போனால் இன்றும் மடியில் பீடித்தட்டை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் விஷயத்தில் முதலாளிகள் ஒரு வாதம் வைத்தார்கள்: எங்கள் கூரைக்குக் கீழே வந்து வேலை செய்யாதவர் எங்கள் தொழிலாளி ஆகமாட்டார். 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. இலையையும் தூளையும் வாங்கிப்போய் வீட்டில் சுற்றுகிறவரும் தொழிலாளிதான் என்று வரையறைக்குள்ளேயே எழுதி வைத்தது. முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். 1974-இல் மங்களூர் கணேஷ் பீடி வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. 1976-இல் நல நிதிச் சட்டம் வந்தது. அந்த நிதியிலிருந்து பீடித் தொழிலாளர்களுக்கென்றே மருந்தகங்கள் வந்தன. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் பலர் இருந்த ஒரு தொழிலில், வேலை வீட்டுக்குப் போனாலும் உரிமையும் கூடவே போகும் என்று நம் நாடு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒப்புக்கொண்டது. லேப்டாப் வைத்திருக்கும் பட்டதாரிகள் விஷயத்தில் அதே நாடு இன்னும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. இன்று நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

மூன்று விஷயம்போலத் தெரியும்: வீட்டிலிருந்து வேலை, அந்தரங்கம், கட்டுப்படியாகிற மருத்துவக் காப்பீடு. எனக்கு மூன்றும் ஒன்றுதான். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தொழிலாளர் வழக்குகள் நடத்துகிறவள் நான். என்னிடம் வருகிற பிள்ளைகள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஒன்று விளங்கியது. அம்மாவின் டயாலிசிஸ் கம்பெனி கொடுத்த காப்பீட்டுக் கார்டில் ஓடுகிறவரை, "கேமராவை ஆன் பண்ணி வை" என்று கம்பெனி சொன்னால் மகனால் மாட்டேன் என்று சொல்ல முடியாது.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பதை நான் எதிர்க்கவில்லை, மனதார வரவேற்கிறேன். 2020-க்கு முன்பு நம் பிள்ளைகளின் வாழ்க்கை எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை இரவு எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸ், ஞாயிற்றுக்கிழமை இரவு மதுரை ஜங்ஷனில் மறுபடியும் பாண்டியன். சம்பளத்தில் பெரும்பங்கு சென்னை வாடகைக்கும் மெஸ்ஸுக்கும். அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று போன் வந்தால் கோயம்பேட்டுக்கு ஓட வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு வேலையை விட்ட பெண்கள் எத்தனை பேர்! சக்கர நாற்காலியில் இருக்கிற பையன் நன்றாகப் புரோகிராம் எழுதுவான், ஆனால் சென்னை ஓஎம்ஆரில் ஆபீஸ் பஸ் ஏற முடியாது. அவன் ஊமச்சிகுளத்தில் தன் வீட்டில் இருந்தபடியே சம்பாதிக்கலாம் என்றால் அதைவிட நல்ல செய்தி என்ன இருக்கிறது? நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு நாள் போய்ப் பாருங்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் நடுவே லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஏதோ ஒரு ஊர் கம்பெனிக்கு உழைக்கிற பிள்ளைகளும் இருப்பார்கள்.

அரசாங்கமும் இதற்கு வழி செய்தது. 2020 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை, கால் சென்டர் போன்ற நிறுவனங்களுக்கு இருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் இருக்கிற எல்காட் வளாகங்கள் சிறப்புப் பொருளாதார மண்டலங்கள் என்பது உங்களுக்குத் தெரியும். மண்டலத்துக்குள் இருக்கும் நிறுவனத்தின் வேலையை வெளியே கொண்டுபோக விதி வேண்டும். 2022 ஜூலையில் அந்த விதி வந்தது: பாதிப் பேர்வரை வீட்டிலிருந்து செய்யலாம் என்றார்கள், டிசம்பரில் எல்லோருமே செய்யலாம் என்று தளர்த்தினார்கள். பிறகு பெரிய கம்பெனிகள் ஆட்களைத் திரும்பக் கூப்பிடத் தொடங்கின. டிசிஎஸ் 2023 அக்டோபரிலிருந்து வாரம் ஐந்து நாளும் ஆபீஸ் என்றது. இருந்தாலும் ஒரு பகுதி வேலை வீட்டிலேயே தங்கிவிட்டது. இந்த விதிகளையெல்லாம் நான் தேடிப் படித்தேன். கம்ப்யூட்டர் எங்கே இருக்கலாம், தரவு எப்படிப் பாதுகாப்பாகப் போக வேண்டும், ஏற்றுமதி வருவாயை எப்படிக் கணக்குக் காட்ட வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறவரின் வீடு எதுவரை அவருடைய வீடு என்பதைப் பற்றி அவற்றில் ஒரு வரி இல்லை.

மதுரை வீடுகள் உங்களுக்குத் தெரியும். மாசி வீதிகளுக்கும் வெளி வீதிகளுக்கும் இடையிலான சந்துகளில் ஒரு கூடம், ஒரு அறை, ஒரு அடுப்படி. கூடத்தில்தான் கட்டில், கட்டிலில் அப்பத்தா. அதே கூடத்தின் மூலையில்தான் பிள்ளையின் மேஜை. வேலை நேரம் முழுக்கக் கேமரா ஓட வேண்டும் என்று ஒரு கம்பெனி சொன்னால் அது அந்த ஒரு ஊழியரை மட்டும் பார்ப்பதில்லை. தலை துவட்டுகிற அம்மாவைப் பார்க்கிறது. அப்பத்தாவுக்கு டயப்பர் மாற்றுவதைப் பார்க்கிறது. கடன்காரர் வந்து வாசலில் நின்று பேசுவதைக் கேட்கிறது. என்னிடம் வந்த ஒரு பெண், திருமங்கலம் பக்கத்துக் கிராமம், வெளியூர் நிறுவனம் ஒன்றுக்கு இரவுப் பணி பார்க்கிறார். சில நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் படம் பிடிக்கிற மென்பொருள், விசைப்பலகை எத்தனை தட்டு தட்டியது என்று எண்ணுகிற மென்பொருள், கூடவே கேமரா. மாதவிலக்கு நாளில் நாற்காலியை விட்டு எழுந்துபோனது அறிக்கையில் "வேலையில் இல்லாத நேரம்" என்று பதிவானது. மேலாளர் காரணம் கேட்டார். மேலாளர் ஆண். அந்தப் பெண் காரணத்தைச் சொன்னார். சொல்ல வேண்டியிருந்தது என்று என்னிடம் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது.

நெதர்லாந்தில் இதே போன்ற ஒரு வழக்கு நடந்தது. செட்டு என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனம், வீட்டிலிருந்து வேலை பார்த்த ஊழியரை நாள் முழுக்கக் கேமராவை ஆன் செய்து வைக்கச் சொன்னது. திரையைத்தான் ஏற்கெனவே பார்க்கிறீர்களே, என் முகத்தையும் ஒன்பது மணி நேரம் பார்க்க வேண்டுமா என்று அவர் மறுத்தார். வேலை போனது. 2022-இல் அந்த நாட்டு நீதிமன்றம் இது தனிவாழ்வுக்கான உரிமையை மீறுவது என்று சொல்லி அவருக்கு இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது.

அதே வழக்கை நாளை மதுரையில் போட்டால் நான் எதை வைத்து வாதாடுவேன்? 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். மகத்தான தீர்ப்பு. ஆனால் அடிப்படை உரிமை முதலில் அரசை எதிர்த்துத்தான் நிற்கும். தனியார் கம்பெனியைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும். அந்தச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது: டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர மேலும் பதினெட்டு மாத அவகாசம். அந்தச் சட்டத்தின் 7-ஆம் பிரிவைத் தயவுசெய்து ஒருமுறை படியுங்கள். யாருடைய தரவை எடுத்தாலும் அவருடைய சம்மதம் வேண்டும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, சம்மதம் தேவைப்படாத சில சந்தர்ப்பங்களை அந்தப் பிரிவு பட்டியலிடுகிறது. அதில் ஒன்று, வேலைவாய்ப்பு சம்பந்தப்பட்ட காரியங்களும், முதலாளிக்கு நட்டம் வராமல் காப்பதும். இந்த வாசலின் அகலத்தை நீதிமன்றங்கள் இனிமேல்தான் அளக்கப்போகின்றன. அளக்கிறவரை கம்பெனி வக்கீல் இந்தப் பிரிவைத்தான் நீட்டுவார்.

இன்னொன்றும் கவலை தருகிறது. 2011-ஆம் ஆண்டின் பழைய விதிகள் மருத்துவப் பதிவுகளை நுண்ணுணர்வுள்ள தரவு என்று தனியாகப் பிரித்து வைத்திருந்தன. புதிய சட்டத்தில் அப்படித் தனி வகையே கிடையாது. உங்கள் செல்போன் எண்ணும் உங்கள் கருப்பை ஸ்கேன் அறிக்கையும் அதன் கண்ணில் ஒரே தரவு. எச்ஐவி விஷயத்தில் மட்டும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் உறுதியாக நிற்கிறது. வேலைக்காகப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லக் கூடாது, நிலையை வெளியே சொல்லக் கூடாது. சர்க்கரைக்கும் சிறுநீரகத்துக்கும் புற்றுக்கும் அந்த அளவு காவல் இல்லை.

சரி, சட்டம் பலவீனமாக இருக்கட்டும். பிள்ளைகள் ஒன்றுசேர்ந்து மறுக்கலாமே? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதுதான் காப்பீடு வருகிறது.

இந்த ஊர் ஒரு காலத்தில் மில் சங்குக்கு எழுந்த ஊர். ஹார்வி மில், மீனாட்சி மில் என்று மூன்று ஷிப்டு ஓடியது. அந்தத் தொழிலாளர்களின் குடும்பங்களுக்குத் தத்தனேரி இ.எஸ்.ஐ. மருத்துவமனை எப்படிப்பட்ட துணையாக இருந்தது என்பதை இங்கே இருக்கிற பெரியவர்கள் சொல்வார்கள். 1948-இல் வந்த தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தின், அதாவது இ.எஸ்.ஐ. சட்டத்தின் அழகு என்னவென்றால், தொழிலாளி கட்டுவது கூலியின் அளவுக்கு, பெறுவது நோயின் அளவுக்கு. இப்போது தொழிலாளி முக்கால் சதவீதம், முதலாளி மூன்றேகால் சதவீதம் கட்டுகிறார்கள். மனைவி, கணவர், பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர் எல்லோரும் அதற்குள் அடக்கம். ஏற்கெனவே நோய் இருக்கிறதா, எத்தனை வயது என்று யாரும் கேட்பதில்லை.

ஆனால் அதற்கு ஒரு கூரை இருக்கிறது. 2017 ஜனவரியிலிருந்து மாதம் 21,000 ரூபாய். எல்காட் வளாகத்தில் சேருகிற பையன் 19,000 சம்பளத்தில் இ.எஸ்.ஐ.க்குள் இருக்கிறான். உழைத்து, பெயர் வாங்கி, 22,000 ஆகிறது. நடப்புப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் வெளியே. மறுபக்கம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக, குடும்பத்துக்கு ஒரு லட்சம் என்று தொடங்கியது. 2012 ஜனவரியில் ஜெயலலிதா ஆட்சியில் புது வடிவம் பெற்றது. 2018-இல் ஒன்றிய அரசின் திட்டத்தோடு இணைந்து ஐந்து லட்சம் ஆனது. இரண்டு கட்சிகளும் மாறி மாறி ஆண்டும் கைவிடாமல் வளர்த்த திட்டம் என்பதால் அதன்மீது எனக்குப் பெரிய மரியாதை. அதன் வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000. அதாவது மாதம் பத்தாயிரம். நம் பையனின் 22,000 ஆண்டுக்கு 2,64,000 ஆகிறது. வருமானச் சான்று கிடைக்காது. இரண்டு கதவும் சாத்தப்பட்டுவிட்டன. இப்படி நடுவில் நிற்பவர்கள் நாட்டின் மக்கள்தொகையில் குறைந்தது 30 சதவீதம், அதாவது 40 கோடிப் பேர் என்று நிதி ஆயோக் 2021 அக்டோபரில் ஓர் அறிக்கையே போட்டது.

மதுரை அரசுப் பெரியாஸ்பத்திரி இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, தலைவணங்குகிறேன். தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் 2020 மார்ச் 25 அதிகாலை அங்கேதான் நிகழ்ந்தது. அதற்குப் பிறகு வந்த அலைகளையெல்லாம் அந்த மருத்துவர்களும் செவிலியர்களும் தாங்கினார்கள். 2019 ஜனவரியில் அங்கே உயர்சிகிச்சைக் கட்டடம் திறந்தார்கள். அதே நாளில் தோப்பூரில் எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஆனால் லாகின் நேரம் தவறினால் சம்பளம் போகிற பிள்ளைக்கு வார்டில் அம்மாவோடு நாள்கணக்கில் நிற்க விடுப்பு இல்லை. தனியார் மருத்துவமனைக்குத்தான் ஓடுகிறார்கள். அங்கே அவர்கள் கையில் இருப்பது கம்பெனி கொடுத்த குரூப் இன்சூரன்ஸ் கார்டு.

இந்தக் கார்டைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். தனியாக ஒருவர் பாலிசி எடுத்தால், இருக்கிற நோய்க்கு மூன்று ஆண்டுவரை காத்திருக்க வைக்கலாம். கம்பெனி குரூப் பாலிசியில் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே எல்லாம் உண்டு. கூடுதல் பிரீமியம் கட்டினால் பெற்றோரையும் சேர்த்துக்கொள்ளலாம். அறுபத்தைந்து வயது அப்பாவுக்குச் சர்க்கரையும் இதய அடைப்பும் இருக்கிற வீட்டில் இந்தக் கார்டு சம்பளத்தைவிடப் பெரியது. வேலை போனால் அந்தக் கார்டும் அன்றோடு போகிறது. அதனால் பிள்ளை வேலையை விடமாட்டான். இரவுப் பணியை மறுக்கமாட்டான். கேமராவைப் பற்றிக் கேள்வி கேட்கமாட்டான். சங்கம் சேரமாட்டான். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருப்பான். அந்தக் கையெழுத்தை மனப்பூர்வமான சம்மதம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தக் கார்டு இன்னொன்றும் செய்கிறது. கிளெய்ம் விவரம் எச்ஆர் கைக்குப் போகக் கூடிய வழி பல கம்பெனிகளில் திறந்தே கிடக்கிறது. கேஷ்லெஸ் மறுக்கப்பட்டால் யாரிடம் போய் நிற்கிறார்கள்? எச்ஆரிடம்தான். "மேடம், அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், இன்சூரன்ஸ்ல ரிஜெக்ட் பண்ணிட்டாங்க, நீங்க ஒரு மெயில் போடுங்க" என்று கேட்கிறார்கள். அந்த எச்ஆர் மேடம் நல்லவராகவே இருக்கலாம், மெயிலும் போட்டுக் கொடுப்பார். அடுத்த ஆட்குறைப்புப் பட்டியல் தயாராகும்போது, இந்தப் பிள்ளை அடிக்கடி விடுப்புக் கேட்கப்போகிறான் என்பது அந்த அறையில் ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. பகலில் நம் வேலையை அளக்கிற அதே கை நம் வீட்டு நோயையும் தெரிந்து வைத்திருக்கிறது. இந்த இரண்டு தகவலும் ஒரே இடத்தில் சேரவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

காப்பீட்டு நிறுவனத்திடம் தகவல் இருந்தால் மட்டும் பத்திரமா? சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் டெலிகிராம் சாட்பாட் வழியாகக் கிடைக்கின்றன என்று 2024 செப்டம்பரில் ராய்ட்டர்ஸ் வெளியிட்டது. பெயர், முகவரி, போன் எண், அடையாள அட்டை நகல், பரிசோதனை முடிவு, நோயின் பெயர். மூன்று கோடிக்கும் மேற்பட்டவர்களின் தரவு தன்னிடம் இருப்பதாக ஊடுருவியவன் சொல்லிக்கொண்டான். நிறுவனம் டெலிகிராம்மீதும் அவன்மீதும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு இடைக்காலத் தடையும் வாங்கியது. தடை வாங்கலாம், தெரிந்துபோன நோயை மறுபடி தெரியாததாக்க முடியாது. திருட்டுப்போன பாஸ்வேர்டை மாற்றலாம். கருச்சிதைவை மாற்ற முடியுமா?

நோய் வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்பதை நாம் 2020-இல் கண்ணால் பார்த்தோம். அந்த ஜூன் மாதம் மதுரைக்குத் தனியாக முழு ஊரடங்கு போட்டார்கள். வீட்டுக் கதவில் ஸ்டிக்கர், தெரு முனையில் தகரம். குணமாகி வந்த பிறகும் பால்காரர் வராத வீடுகள் இருந்தன. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்ன கதைகள் உங்களுக்கும் தெரியும். வீட்டு வாசலில் அப்படி அறிவிப்பு ஒட்டத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு டிசம்பரில் சொன்னது. அதற்குள் காயம் பட்டாயிற்று.

எல்லோருக்கும் எல்லாம் தெரிந்த கிராமத்தில் அந்தரங்கம் என்ற பேச்சே நகரத்துச் சொகுசு என்று சிலர் என்னிடம் வாதிடுவதுண்டு. அதற்கு நான் களஞ்சியத்தைப் பார்க்கச் சொல்வேன். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளையின் களஞ்சியக் குழுக்கள் உங்களுக்குப் பழக்கம்தான். புல்லுச்சேரி சின்னப்பிள்ளை அம்மாள் வயல்வேலைக் கூலிப் பெண்களைத் திரட்டி வளர்த்த இயக்கம் அது. ஸ்திரீ சக்தி விருது கொடுக்கும்போது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார், 2019-இல் பத்மஸ்ரீயும் வந்தது. அந்த இயக்கத்தின் கடமலைக் களஞ்சிய வட்டாரச் சங்கம், தேனி மாவட்டம் மயிலாடும்பாறை ஒன்றியத்தில், 2000-ஆம் ஆண்டிலேயே தன் உறுப்பினர்களுக்கு மருத்துவக் காப்பீடு தொடங்கியது. கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வருவதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு! நாள் கூலிக்குப் போகிற பெண்கள் சேர்ந்து தங்கள் பணத்தில் தங்கள் நோய்க்கு வழி தேடினார்கள். அங்கே ஒருத்தியின் ஆபரேஷன் இன்னொருத்திக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் தெரிந்துகொண்ட பெண் அவளைக் கூலியிலிருந்து நிறுத்தப்போவதில்லை. அடுத்த மாதம் தெரிந்துகொண்டவளுக்கே அந்த உதவி தேவைப்படலாம். தன்னைவிட மேலே உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தெரிவதுதான் ஆபத்து. அதோடு, கிராமத்துப் பெண்ணுக்கு அந்தரங்கம் வேண்டாம் என்று யார் சொன்னது? வெள்ளைப்படுதலைப் பக்கத்து வீட்டு அக்காவிடம்கூடச் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் சகித்தவர்களை நான் அறிவேன்.

கட்டுப்படியாகிற சிகிச்சைக்கு இந்த ஊர் உலகத்துக்கே வழி காட்டியிருக்கிறது. அண்ணாநகரில் 1976-இல் டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைச் சொல்கிறேன். பணம் கட்ட முடிந்தவர் கட்டுகிறார், முடியாதவருக்கும் அதே அறுவைச் சிகிச்சை நடக்கிறது. எவ்வளவு கட்டுவது என்பதை நோயாளியே தேர்ந்துகொள்ளலாம். கட்டுப்படியாகிற மருத்துவத்தில் மதுரைக்கு முடியாதது என்று ஒன்றுமில்லை.

இப்போது கையில் இருக்கிற வசதிகளையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலருக்குத் தெரிவதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபரும் குடும்பமும் எடுக்கிற மருத்துவ பாலிசிக்கு ஜிஎஸ்டி கிடையாது. அதுவரை 18 சதவீதம் இருந்தது. குரூப் பாலிசிக்கு வரி இன்னும் உண்டு. 65 வயதைத் தாண்டியவருக்குப் புது பாலிசி கிடையாது என்று சொல்ல வழிவிட்ட விதியை 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நீக்கியது. ஐந்து ஆண்டு தொடர்ந்து கட்டிவிட்டால், மோசடி நிரூபணமானால் ஒழிய, நோயை மறைத்தாய் என்று சொல்லி கிளெய்மை மறுக்க முடியாது. கம்பெனி கார்டில் இருக்கிறவர் வேலையை விடும்போது அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறலாம். காத்திருந்த காலத்தைக் கழித்துக்கொள்வார்கள். இதை நோட்டீஸ் காலத்திலேயே எழுத்தில் கேட்க வேண்டும், கடைசி நாள் போன பிறகு கேட்டுப் பயனில்லை. பாலிசி எடுக்கும்போது அறை வாடகை வரம்பைப் பாருங்கள். மூன்று லட்சம் பாலிசி, அறைக்கு ஒரு சதவீதம் என்றால் நாளைக்கு 3,000 ரூபாய் அறைதான். 6,000 ரூபாய் அறையில் படுத்தால் அறைக் கணக்கு மட்டும் பாதியாகாது. டாக்டர் பீஸ், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் வெட்டலாம். டிஸ்சார்ஜ் அன்று கவுன்ட்டரில் நின்று அழுகிற பல குடும்பங்கள் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான்.

இருந்தாலும் இதெல்லாம் கையில் பிரீமியம் கட்டக் காசு இருக்கிறவருக்கான யோசனை. வயதான பெற்றோருக்கு ஆண்டுப் பிரீமியம் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டிப் போகிற வீடுகளுக்கு இது போதாது. ஒன்றிய அரசு 2024 அக்டோபர் 29 அன்று, 70 வயது நிரம்பிய எவருக்கும் வருமானம் பார்க்காமல் ஐந்து லட்சம் காப்பீடு என்று தொடங்கியதை நான் ஒரு முக்கியமான திருப்பமாகப் பார்க்கிறேன். அங்கே காப்பீடு வேலையை விட்டுப் பிரிந்து ஆளோடு சேர்ந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும், உணவு கொண்டுவருகிற, கார் ஓட்டுகிற செயலித் தொழிலாளர்களுக்காக அந்த நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் செலுத்த வேண்டும் என்கிறது. முதலாளி ஒருவர் என்றில்லாமல் பல இடத்தில் வேலை செய்கிறவருக்கும் பாதுகாப்பு தர முடியும் என்று சட்டமே ஏற்றுக்கொண்டுவிட்டது.

இ.எஸ்.ஐ.யில் ஏற்கெனவே ஒரு விதி இருக்கிறது. குறைந்தது ஐந்து ஆண்டு காப்பீட்டில் இருந்து ஓய்வு பெற்ற தொழிலாளி, ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டித் தனக்கும் துணைவருக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம். வேலை முடிந்த பிறகும் காப்பீடு தொடரலாம் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? நான் கேட்பது இதன் நீட்சிதான். சம்பளம் 21,000-ஐத் தாண்டியவர், வேலையை இழந்தவர், பல கம்பெனிகளுக்கு வீட்டிலிருந்து தனித்து வேலை செய்கிறவர், சுங்குடி முடிச்சுப் போடுகிறவர் என எவரும் தன் வருமானத்துக்கு ஏற்ற பங்கைத் தானே கட்டி இ.எஸ்.ஐ.யில் தொடரவோ சேரவோ வழி வேண்டும். பங்கு யார் கட்டினாலும் சிகிச்சை விவரம் முதலாளிக்குப் போகாது என்று விதியில் எழுத வேண்டும். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவில், ஊழியரின் வீட்டுக்குள் பார்க்கும் கேமராவும் ஊழியர் குடும்பத்தின் மருத்துவத் தகவலும் வேலைவாய்ப்புக் காரணத்துக்குள் அடங்காது என்று ஒரு விளக்கம் சேர்க்க வேண்டும். வீட்டிலிருந்து செய்யும் வேலை குறித்த பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1996-ஆம் ஆண்டு உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை, செய்ய வேண்டும்.

இந்தக் கோரிக்கைகளை ஒன்றியத் தொழிலாளர் துறைக்கு அனுப்ப ஒரு மனு தயாரித்து அரங்கத்தின் வாசலில் மேஜைமேல் வைத்திருக்கிறோம். பொறுமையாகப் படித்துப் பாருங்கள், உடன்பாடு இருந்தால் கையெழுத்திடுங்கள். செல்போன் எண்ணும் ஆதார் எண்ணும் வேண்டாம். பெயரும் ஊரும் போதும்.